குடும்ப விஷயம் சங்க விஷயமும்தான்

(எமது சங்கத்தின் தோட்டக் கிளைத் தலைவர்கள், தலைவிமார், இளைஞர்கள் கலந்துகொண்ட ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான ஒருவர் ஆற்றிய உரை.)



வாரத்தில் கிடைக்கிற ஒரே ஓய்வு நாளை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். வீட்டில் துணி துவைக்கக் கிடக்கும். விறகுக்குப் போகவேண்டியிருக்கும். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருவோம்.

இன்றைக்குக் குடும்பத்தைப் பற்றிப் பேசுவோம் என்று கிளைக் கூட்டத்தில் நாம் சொன்னபோது, பின்வரிசையில் இருந்து ஒரு மூத்த தலைவர் எழும்பினார். முப்பது வருடத்துக்கு மேல் சங்கத்தில் இருக்கிறவர். அவர் கேட்டார்: "சம்பளத்தைப் பேசுங்க, காணியைப் பேசுங்க, கேட்டுக்கிறோம். புருஷன் பொண்டாட்டி விஷயத்தைப் பேச வீட்டில பெரியவங்க இருக்காங்க. சங்கத்துக்கு அதில என்ன வேலை?"

நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தப் பேச்சு.

நம் குடும்பம் எப்படி உண்டானது?

நம்மில் பலர் நினைக்கிறோம், நம்முடைய குடும்பம் நாமே விரும்பியபடி அமைத்துக்கொண்டது என்று. கொஞ்சம் பின்னுக்குப் போய்ப் பார்ப்போம்.

1820களில் கோப்பித் தோட்டங்களுக்கு முதலில் வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பருவத்துக்கு வந்து, பழம் பறித்து, பருவம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பினார்கள். 1869-இல் கோப்பிச் செடியில் இலைநோய் கண்டது. சில வருடங்களில் கோப்பி அழிந்தது, தேயிலை பரவியது. கோப்பிக்குப் பருவம் உண்டு, தேயிலைக்குக் கிடையாது. வருடம் முழுக்கக் கொழுந்து எடுக்கவேண்டும். அதற்குப் பெண்களின் கை வேண்டும். பெண்கள் வரவேண்டுமென்றால் குடும்பமாக வரவேண்டும், குடும்பமாகத் தங்கவேண்டும். அப்படித்தான் கங்காணிமார் அண்ணன் தம்பி, மாமன் மச்சான், பெண்டு பிள்ளை என்று கூட்டமாகக் கொண்டுவந்தார்கள். வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு. நம் பாட்டன் பாட்டிமாரின் குடும்பம் கணக்குப் புத்தகத்தில் தலைகளாக எழுதப்பட்டது.

அவர்களைக் குடிவைக்க லயம் கட்டினார்கள். 10 அடிக்கு 12 அடி ஓர் அறை, முன்னால் ஓர் இஸ்தோப்பு. அதற்குள்ளே மூன்று தலைமுறை. புதிதாகக் கல்யாணமான மகனும் மருமகளும் ஒரு பக்கம், அப்பாவும் அம்மாவும் ஒரு பக்கம், நடுவில் ஒரு சேலைத் திரை. இன்றைக்கும் அப்படிப் படுத்து எழும்புகிறவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். ஒரு கணவனும் மனைவியும் சத்தம் போடாமல் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள இடமில்லாத வீட்டில், "இவங்களுக்குள்ள ஒத்துமை இல்லை" என்று குறை சொல்வது எவ்வளவு சுலபம்!

1921 வரை துண்டு என்ற சீட்டு இல்லாமல் தோட்டம் மாற முடியாது. அதில் பட்ட கடன் எழுதியிருக்கும். கடனோடு ஆளை இன்னொரு தோட்டத்துக்கு மாற்றினார்கள். 1948-இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நாடற்றவர்கள் ஆனோம். 1964-இல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் கையெழுத்துப் போட்டார்கள்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அரிசி மூட்டையைப் பங்கு போடுவது போல மனிதர்களைப் பங்கு போட்டார்கள். அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. மகளைக் கட்டிக்கொடுத்த இடம் இங்கே, பெற்றவர்கள் போகவேண்டியது அங்கே. தலைமன்னாருக்குப் போகும் ரயிலில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்த பாட்டிமார் சொல்லி நாம் கேட்டிருக்கிறோம். கூடலூரிலும் கோத்தகிரியிலும் இன்றைக்கும் நம்முடைய சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் கொழுந்து பறிக்கிறார்கள். சாவுச் செய்தி மட்டும் போனில் வரும்.

மூத்த தலைவருக்கு நாம் சொல்லும் முதல் பதில் இதுதான். துரையும் கங்காணியும் அரசாங்கமும் நம் குடும்பத்துக்குள் கைவைத்து 200 வருடமாகிறது. அவர்களுக்கு வேலை இருந்த இடத்தில் சங்கத்துக்கு வேலை இல்லையென்று எப்படிச் சொல்வது?

ஆனால் இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். அந்த 10 அடி அறைக்குள் இருந்துகொண்டே நம் பெரியவர்கள் வேறொன்றைக் கட்டினார்கள். அதுதான் லயத்து உறவு. பக்கத்துக் காம்பராக்காரர் இரத்த உறவாக இருக்கவேண்டியதில்லை, ஆனால் மாமா என்போம், பெரியம்மா என்போம். பெற்ற தாய் பிரசவத்தில் போய்விட, பக்கத்துக் காம்பராத் தாய் தன் பிள்ளையோடு சேர்த்துப் பால்கொடுத்து வளர்த்த பிள்ளைகள் இன்றைக்கு நம் தோட்டங்களில் தாத்தாக்களாக இருக்கிறார்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டு அடுப்பு எரியாது, ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகள் பட்டினி கிடக்கமாட்டார்கள். யாரும் சட்டம் போட்டு இதைச் செய்யவில்லை. குடும்பம் இரத்தத்தால் மட்டும் உண்டாவதில்லை, ஒருவர் பாரத்தை இன்னொருவர் தூக்கும்போது உண்டாகிறது என்பதை நமக்குக் கற்றுத் தந்தது லயம்தான்.

அப்படியென்றால் கேட்கவேண்டிய கேள்வி இது. ஒரு காம்பராவின் பாரத்தை அடுத்த காம்பரா தூக்குகிறது. அதே காம்பராவுக்குள் ஒருவர் பாரத்தை மற்றவர் தூக்குகிறாரா?

ஒரு நாளின் கணக்கு

எங்கள் பாடசாலையில் 7ஆம் தரப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தோம். ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் அம்மாவின் நாள், ஒரு பக்கம் அப்பாவின் நாள் எழுதி வரவேண்டும். எத்தனை மணிக்கு என்ன செய்கிறார்கள், அவ்வளவுதான்.

அம்மா பக்கம் எல்லாத் தாளிலும் ஏறக்குறைய ஒன்றுதான். நாலரை மணிக்கு எழும்புகிறார். அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, தண்ணீர் பிடித்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, சின்னதைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, பெரட்டுக்கு ஓடுகிறார். காலை நிறுவை, மதிய நிறுவை, பின்னேர நிறுவை. ஐந்து மணிக்கு மலையிலிருந்து இறங்கி, விறகைச் சுமந்து வந்து, சமைத்து, பாத்திரம் கழுவி, எல்லாரும் படுத்தபிறகு படுக்கிறார். பத்து மணி.

அப்பா பக்கம்: ஆறரைக்கு எழும்புகிறார். பெரட்டு. கவ்வாத்து, கான் வெட்டு, மருந்தடிப்பு, ஏதோ ஒன்று. ஒரு மணி, இரண்டு மணிக்குக் கணக்கு வேலை முடிகிறது. அதுவும் லேசான வேலையில்லை. 20 லீட்டர் மருந்துத் தாங்கியை முதுகில் போட்டு மலை ஏறுகிறவரின் முதுகு எப்படி இருக்குமென்று நமக்குத் தெரியும். ஆனால் இரண்டு மணிக்குப் பிறகு?

ஒரு பையன் அந்த இடத்தில் ஒன்றும் எழுதாமல் வெள்ளையாக விட்டிருந்தான். ஏன் என்று கேட்டதற்கு, "அதுக்கப்புறம் அப்பா சும்மாதான் டீச்சர் இருப்பாரு, என்ன எழுதுறது?" என்றான்.

அந்தத் தாள் எப்படியோ அவனுடைய அப்பா கையில் கிடைத்துவிட்டது. மறுநாள் அவர் பாடசாலைக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தோம். வாசலில் நின்றுகொண்டு சொன்னார்: "டீச்சர், நான் சும்மா இருக்கிறேன்னு பிள்ளை எழுதியிருக்கான். பொய்யில்லை. ஆனா இதுவரைக்கும் யாரும் எங்கிட்டக் கேட்கலையே. அவளும் கேட்கலை."

இப்போது அவர் மூன்று மணிக்குப் பிள்ளைக்காம்பராவில் இருந்து கடைசிப் பிள்ளையைக் கூட்டி வருகிறார். அடுப்பு மூட்டி உலை வைக்கிறார். மனைவி ஐந்து மணிக்கு வந்தால் ஒரு கோப்பை பிளேன்டீ இருக்கிறது. துணி துவைக்கிறீர்களா அண்ணே என்று கேட்டோம். "அது மட்டும் வேணாம் டீச்சர். பீலிக்கரையில லயமே நின்னு சிரிக்கும்" என்றார். பரவாயில்லை. உலை வைத்தவர் ஒரு நாளைக்குத் துணியும் துவைப்பார். இப்போது சிரிக்கிறவர்கள் அன்றைக்கு வாளியோடு பின்னால் வருவார்கள்.

தோழர்களே, 1984 வரை ஒரே மலையில் நின்று வேலை செய்த ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்குக் குறைந்த சம்பளம். அந்த வருடம் தொழிலாளர்கள் போராடிச் சம சம்பளம் வாங்கினார்கள். அதில் ஆண்களும் நின்றார்கள். அது பெருமைப்படவேண்டிய விஷயம். ஆனால் சம சம்பளம் வாங்கிக்கொடுத்த நாம், வீட்டுக்கு வந்தபிறகு எட்டு மணித்தியால வேலை என்ற கொள்கையை மறந்துவிடுகிறோம். கம்பனியிடம் கேட்கிற நியாயத்தை வீட்டுக்குள்ளும் கொடுக்கவேண்டும். அல்லது கம்பனியிடம் கேட்கிறபோது நம் குரலில் உறுதி இருக்காது.

சம்பள இரவு

குடும்பத்தில் சண்டை எந்தத் தேதியில் வருகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? அதிகம் 10ஆம் தேதியை ஒட்டித்தான். சம்பளம் வருகிற நாள்.

நம் அம்மாமார் காலத்தில் மனைவியின் சம்பளத்தையும் கணவனே போய் வாங்கிவந்தார். அம்மா எத்தனை கிலோ எடுத்தார், எத்தனை பெயர் விழுந்தது, எவ்வளவு பிடித்தார்கள் என்று அம்மாவுக்கே தெரியாது. இன்றைக்கு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. ஆனாலும் சம்பளத் துண்டை வாங்கிப் பார்க்காமலே கணவன் கையில் கொடுக்கிறவர்கள் இந்தக் கூட்டத்தில் இல்லையென்று யாரும் சொல்லமுடியாது.

ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறோம். எந்தத் தோட்டம் என்பது வேண்டாம். மகனின் படிப்புச் செலவுக்கு என்று மனைவி, கணவனுக்குத் தெரியாமல் பெண்கள் குழுவில் சேர்ந்து நுண்கடன் எடுத்தார். வாராவாரம் கட்டவேண்டும். கட்டமுடியாமல் போனதும் அதை அடைக்க இன்னொரு கடன். கணவனோ, தம்பி கல்யாணத்துக்கு மொய் செய்ய, மனைவிக்குத் தெரியாமல் அவருடைய தோட்டை அடகு வைத்திருந்தார். இரண்டு பேரும் தனித்தனியாக வட்டி கட்டினார்கள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பயந்தார்கள். கடன்காரர்கள் இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்த அன்றைக்குத்தான் இரண்டு இரகசியமும் ஒன்றாக வெளியில் வந்தது. சங்கத்தில் இருந்து நாம் போய் உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது, ஆரம்பத்திலேயே இரண்டு பேரும் பேசியிருந்தால் அந்த இரண்டு கடனில் ஒன்று தேவைப்பட்டிருக்காது என்று தெரிந்தது.

இரண்டு பேரும் கெட்டவர்களில்லை. ஒருவர் பிள்ளைக்காகச் செய்தார், மற்றவர் மானத்துக்காகச் செய்தார். பேச்சு இல்லாத இடத்தில்தான் கடன் குட்டி போட்டது.

அதனால் நாம் சொல்வது சின்ன விஷயம். சம்பளம் வந்த இரவு, சாப்பிட்டபிறகு, அரை மணி நேரம். இரண்டு சம்பளத் துண்டையும் பாயில் விரியுங்கள். ஒரு கொப்பி எடுங்கள். வீட்டில் 9ஆம் தரம், 10ஆம் தரம் படிக்கிற பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். எத்தனை பெயர், எத்தனை மேலதிகக் கிலோ, முற்பணம் எவ்வளவு பிடித்தார்கள், சேமலாப நிதிக்கு நம்மிடம் பிடிப்பது 8 சதவீதம், கம்பனி போடவேண்டியது 12 சதவீதம், நம்பிக்கை நிதிக்குக் கம்பனி போடவேண்டியது 3 சதவீதம். கடைக் கடன் எவ்வளவு, அடகு எவ்வளவு, சீட்டு எவ்வளவு. சாராயத்துக்குப் போனதையும் எழுதுங்கள். பிள்ளையின் கையால் அந்தத் தொகை எழுதப்படும்போது அது வேறு மாதிரித் தெரியும்.

இப்படிக் கொப்பி எழுதின ஒரு வீட்டில்தான், மூன்று பெயர் குறைந்திருப்பதைப் பிள்ளை கண்டுபிடித்து, நாம் தோட்டக் காரியாலயத்தில் போய்ப் பேசி வாங்கிக்கொடுத்தோம். பாருங்கள், குடும்பக் கணக்குச் சரியாக இருந்தால் சங்க வேலையும் சுலபமாகிறது.

தூரத்தில் இருக்கும் அம்மா

இனிக் கொஞ்சம் கனமான விஷயம்.

2021-இல் நாள் சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. 2024-இல் 1,350 ஆனது. விலைவாசி அதைவிட வேகமாக ஏறியது. அதனால் அப்பாமார் கொழும்புக்குக் கடை வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறார்கள். அம்மாமார் சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். பிள்ளைகள் அப்பாயியிடமும் அம்மாயியிடமும் வளர்கிறார்கள்.

போகிற தாயைக் குறை சொல்ல இங்கே யாருக்கும் உரிமையில்லை. பிள்ளைக்கு ஒரு நல்ல வீடு, ஒரு சப்பாத்து, ஒரு டியூஷன் காசு வேண்டுமென்றுதான் போகிறார். 2013-இல் அரசாங்கம் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பிள்ளை இருக்கிறதா, யார் பார்ப்பார்கள் என்று கேட்டது. 2022-இல் அந்த விதிகளைத் தளர்த்தினார்கள். அந்தக் கேள்விகளையெல்லாம் தாயிடம்தான் கேட்டார்கள். தகப்பன் வெளிநாடு போனபோது, உன் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று அவரிடம் கேட்கவில்லை. பிள்ளை இரண்டு பேருக்கும்தானே?

எங்கள் வகுப்பில் ஒரு சிறுமி. தாய் போய் மூன்று வருடம். "ஆறு மாசத்தில வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர். ஆறு மாதம் ஆனது, ஒரு வருடம் ஆனது. பிறகு தாய் கோல் எடுத்தால் அந்தப் பிள்ளை போனை வாங்குவதில்லை. பாட்டி நம்மிடம் வந்து அழுதார்: "அவ அங்க அழுவுறா, இவ இங்க பேசமாட்டேங்கிறா. நடுவுல நான் என்ன செய்ய டீச்சர்?"

அந்தப் பிள்ளைக்குத் தாய் மேல் பாசம் இல்லாமல் இல்லை. பொய் சொல்லிவிட்டுப் போனதைத்தான் அவளால் தாங்கமுடியவில்லை. நாம் தாயோடு போனில் பேசி, உண்மையைச் சொல்லச் சொன்னோம். "ஒப்பந்தம் முடிய இன்னும் பதினொரு மாசம் இருக்கு. அதுக்கு முன்னால வரமுடியாது. உன்கிட்ட அன்னைக்கு அப்படிச் சொன்னது தப்பு" என்று தாய் மகளிடம் சொன்னார். பிள்ளை ஒரு கலண்டரில் மாதங்களை வெட்டிக்கொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்குக் கோல் வரும் என்று நேரம் குறித்தார்கள். முதல் இரண்டு வாரம் போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். மூன்றாவது வாரம், "இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டாளாம். தாய் இப்போது திரும்பி வந்துவிட்டார். இரண்டு பேருக்கும் இடையில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டோம். மூன்று வருடம் மூன்று வருடம்தான். ஆனால் தலை பின்னிவிட மகள் தாய்க்கு முன்னால் உட்காருகிறாள்.

போகவேண்டிய நிலை வந்தால், போவதற்கு முன் குடும்பமாக உட்காருங்கள். பிள்ளையையும் வைத்துக்கொண்டு பேசுங்கள். எத்தனை வருடம், யார் பார்ப்பது, காசு யார் பெயருக்கு வரும், அதில் எவ்வளவு சேமிப்பு என்று முடிவுசெய்யுங்கள். வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் போகாதீர்கள். ஒப்பந்தத்தின் பிரதி, கடவுச்சீட்டின் பிரதி வீட்டில் ஒன்று, தலைவியிடம் ஒன்று இருக்கட்டும். பிள்ளையைப் பார்க்கிற பாட்டிக்கும் மூட்டு வலிக்கும், காய்ச்சல் வரும் என்பதை நினைவில் வையுங்கள். பக்கத்துக் காம்பராக்காரர்களே, அந்தப் பாட்டியின் விறகில் ஒரு கட்டை நீங்கள் தூக்குங்கள்.

நாம் பேசாமல் இருந்த ஒரு நாள்

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லாமல் இறங்கினால் இதுவரை பேசியதற்கு அர்த்தமில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு சகோதரி முகம் வீங்கி, கைப்பிள்ளையோடு, இரவில் ஒரு தலைவர் வீட்டுக்கு வந்தார். கணவன் குடித்துவிட்டு அடித்திருந்தார். முதல் தடவையில்லை. தலைவர் கணவனை அழைத்தார், கண்டித்தார், மன்னிப்புக் கேட்கவைத்தார். "இது குடும்பப் பிரச்சினை, வெளியில கொண்டுபோனா மானம் போகும், பொறுத்துப் போ தங்கச்சி" என்று சொல்லி அன்று இரவே அனுப்பிவைத்தார். நாமும் அந்த இஸ்தோப்பில் நின்றோம். கணவனும் நம் சங்க அங்கத்தவர், கிளையில் முன்னுக்கு நின்று வேலை செய்கிறவர். ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டு வாரம் கழித்து அந்தச் சகோதரி கை முறிந்து வைத்தியசாலையில் கிடந்தார். பார்க்கப் போனபோது அவர் நம்மைத் திட்டவில்லை. "நீங்களும் அங்க நின்னீங்கதானே டீச்சர்" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பதில் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

ஒரு துரை ஒரு தொழிலாளியைக் கைநீட்டி அடித்தால் அன்றைக்கே மலை இறங்கி வேலைநிறுத்தம் செய்கிற சங்கம் நாம். அடிபட்ட அதே தொழிலாளி நம் வீட்டுக்குள் அடிபடும்போது மட்டும் அது எப்படிக் குடும்பப் பிரச்சினை ஆகிறது?

சட்டம் இருக்கிறது, தோழர்களே. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். அடிபட்டவரோ, அவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரோ நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அந்தக் கட்டளையை 12 மாதம் வரைக்கும் கொடுக்கலாம். அடித்தவர் கிட்ட வரக்கூடாது என்று நீதிமன்றம் சொல்லலாம். அடிப்பது மட்டுமில்லை, மனதைச் சித்திரவதை செய்வதும் அந்தச் சட்டத்தில் வருகிறது. பெண்களுக்கு 1938 என்ற இலக்கம், பிள்ளைகளுக்கு 1929 என்ற இலக்கம். இந்த இரண்டு இலக்கத்தையும் கொழுந்து மடுவத்திலும் பிள்ளைக்காம்பராவிலும் எழுதி ஒட்டுவோம்.

அந்தக் கணவர் பிறகு என்ன ஆனார் என்று கேட்பீர்கள். குடியை விட்டார் என்று சொன்னால் கதை நன்றாக முடியும். அப்படி நடக்கவில்லை. அந்தச் சகோதரி பிள்ளைகளோடு தன் அண்ணன் வீட்டில் இருக்கிறார், அந்தத் தோட்டத்திலேயே பெயர் பதிந்து வேலை செய்கிறார். அண்ணன், அண்ணி, அம்மா, இந்தச் சகோதரி, இரண்டு பிள்ளைகள். அதுவும் ஒரு குடும்பம்தான், பலமான குடும்பம். எல்லாக் குடும்பத்தையும் எப்படியாவது ஒட்டவைக்கவேண்டும் என்பதில்லை. அதற்குள் இருக்கிறவர்கள் பயமில்லாமல் தூங்கவேண்டும் என்பதுதான் முக்கியம்.

என்ன செய்வோம்?

கேட்டுவிட்டு எழும்பிப் போவதற்காக இந்தக் கூட்டம் இல்லை. ஐந்து விஷயங்களைக் கிளைகளின் தீர்மானமாக முன்வைக்கிறோம்.

ஒன்று, ஒவ்வொரு தொழிலாளியும், ஆணானாலும் பெண்ணானாலும், தன் சம்பளத் துண்டைத் தானே வாங்கிப் பார்க்கவேண்டும். வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகளும் தலைவிமாரும் வாசித்துக் காட்டவேண்டும்.

இரண்டு, கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாமல் இருக்கிற தம்பதிகளின் பட்டியலை ஒவ்வொரு கிளையும் எடுத்து, விவாகப் பதிவாளரை அழைத்து ஒரே நாளில் பதிவு செய்யவேண்டும். பதிவு இல்லாவிட்டால் நாளைக்கு ஒருவர் இறந்தால் சேமலாப நிதி எடுக்க மற்றவர் அலையவேண்டும். கல்யாணத்துக்கு முன் சேமலாப நிதிக்குப் பெயர் கொடுத்தவர்கள் யார் பெயர் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் 18 வயது ஆகாமல் கல்யாணம் இல்லை. "ஓடிப்போயிட்டாங்க, இனி என்ன செய்ய, கட்டிவைச்சிருவோம்" என்ற பஞ்சாயத்துக்கு எந்தத் தலைவரும் போய் உட்காரக்கூடாது.

மூன்று, காணியும் வீடும் வரும்போது உறுதி கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்கவேண்டும் என்று சங்கம் கேட்கவேண்டும்.

நான்கு, பிரசவமான தாய்க்கு 84 நாள் லீவு. 2018-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு மூன்றாம், நான்காம் பிள்ளைக்கும் அதுதான். பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை பால்கொடுக்க நேரம் விடவேண்டும். எங்கே இது மறுக்கப்படுகிறதோ அங்கே அடுத்த நாளே சங்கம் போய்ப் பேசவேண்டும். அந்த 84 நாளில் தகப்பன்மார் அடுப்படிக்கு வருவதற்குச் சட்டம் தேவையில்லை.

ஐந்து, வீட்டில் அடி விழுகிறது என்று ஒரு பெண்ணோ பிள்ளையோ வந்து சொன்னால், அடித்தவர் நம் அங்கத்தவராக இருந்தாலும், தலைவராக இருந்தாலும், "பொறுத்துப் போ" என்ற வார்த்தை எந்தக் கிளையிலும் சொல்லப்படக்கூடாது. தலைவி ஒருவரும் தலைவர் ஒருவரும் கூடப் போகவேண்டும், வைத்தியசாலைக்கானாலும் பொலிசுக்கானாலும்.

அந்த மூத்த தலைவர் இன்றைக்கும் பின்வரிசையில்தான் இருக்கிறார். அவருக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும். ஐயா, நீங்கள் சொன்னீர்கள், வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள் என்று. உண்மைதான். இந்தத் தோட்டத்தில் நீங்கள்தான் எங்களுக்குப் பெரியவர். அந்தச் சகோதரி போல அடுத்தவர் உங்கள் கதவைத் தட்டும்போது, சங்கத்துக்கு என்ன வேலை என்று நீங்கள்தான் எங்களுக்குக் காட்டவேண்டும்.

ஐந்து தீர்மானங்களையும் ஒவ்வொன்றாக வாசிக்கிறோம். ஏற்கிறவர்கள் கையைத் தூக்குங்கள். ஏற்காதவர்கள் எழும்பிப் பேசுங்கள், கோபித்துக்கொள்ளமாட்டோம். நான்கு மணிக்கு முன் முடித்துவிடுவோம். இன்றைக்கு இரவுச் சமையலை அண்ணன்மார் ஆரம்பித்து வைத்தால் அக்காமார் இன்னும் கொஞ்ச நேரம் இருந்து பேசுவார்கள்.